பறை பேசும், பறைந்தவன் எங்கே?

காவலூர் என்றதும் ஞாலம் நினைப்பது விண்மீன்களையே. சவ்வாது மலையிலுள்ள அவ்வூரில் 1968 முதல் வானாய்வு நடைபெற்று வருகிறது, 1986-இல் 2.3 மீட்டர் விட்டமுடைய பெருந்தொலைநோக்கி அங்கு நிறுவப்பெற்றது. நள்ளிரவில் விழித்திருத்தலே ஆங்குள்ள அறிஞர்க்குத் தொழில். ஆயின் குறிஞ்சி நிலத்திற்கு நள்ளிரவு விழிப்பு புதியதன்று. இரவில் தினையரிந்த மலைவாணர் நடுயாமத்தும் தொண்டகப்பறை முழக்கியதைக் குறுந்தொகை காட்டுகின்றது. சாமை விளையும் சவ்வாது மலையும் அக்குறிஞ்சியே. அங்குள்ள முதியோர் அறிந்த அடிவகைகளை இன்றே ஒலிப்பதிவு செய்து காத்தல் வேண்டும்.

பறைதல் என்பதற்குச் சொல்லுதல் என்று பொருள். சேரநாட்டார் வாயில் இன்றும் அச்சொல் அப்பொருளிலேயே வழங்குகின்றது. அரசாணையை ஊர்க்கு அறிவித்ததும் பறையே.

ஆப்பிரிக்கர் இதனை மேலும் வளர்த்தனர். யோருபா மக்களின் மொழியில் குரலின் ஏற்றவிறக்கத்தால் சொல்லின் பொருளே மாறும். இடை சிறுத்த துந்துன் முழவை அக்குளில் இடுக்கி, அதன் வார்களை இறுக்கியும் தளர்த்தியும் அவ்வேற்றவிறக்கத்தைத் தோலில் எழுப்புவர். கேட்போர்க்கு அது பெயராகவும் பழமொழியாகவும் விளங்கும். உடுக்கையின் வாரை அழுத்தித் தமிழர் ஒலிமாற்றுவதும் அம்முறையே. தமிழ் அத்தகைய மொழியன்று. ஆதலின் இங்குப் பறை அடிவகையால் பேசிற்று. மணத்திற்கோர் அடி, சாவிற்கோர் அடி, திருவிழாவிற்கோர் அடி.

பேசும் கருவிக்கு ஆள்வோர் அஞ்சுவர். 1739-இல் அமெரிக்கத் தென் கரோலைனாவில் கிளர்ந்தெழுந்த ஆப்பிரிக்க அடிமைகள் பறை முழக்கி ஆள்திரட்டினர். மறு ஆண்டே, அடிமைகள் பறையும் ஊதுகொம்பும் வைத்திருத்தலாகாதெனச் சட்டம் வந்தது. தமிழகத்தில் அத்தகைய சட்டம் எதற்கு? இழிவே போதியதாயிற்று! பறையைச் சாவு வீட்டில் நிறுத்தினர். அடித்தவனை ஊர்க்கோடியில் நிறுத்தினர். அவன் குலப்பெயரைத் 'தள்ளப்பட்டோன்' என்னும் பொருளில் ஆங்கில அகரமுதலியும் ஏற்றுக்கொண்டது. வடசொற் கலப்பிற்கு வருந்தும் தமிழ்ப்பற்றாளர், தமிழ்ச்சொல்லொன்று உலக வசைச்சொல்லாய்ப் போனதற்கு வெள்ளையனை மட்டும் நொந்து தப்பவியலுமா?

இன்று பறை மேடையேறியுள்ளது. கல்லூரி மாணவரும் பெண்டிரும் பயில்கின்றனர். 2025-இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மசிறீ விருதளித்தது. மகிழத்தக்கதே. ஆயினும் மேடையிற் கைதட்டுவோர், தம் வீட்டுச் சாவிற்குப் பறையடிக்க எத்தெருவிற்கு ஆள்விடுகின்றனர்? இவ்விழிவு தாளாது பறையைத் தூக்கியெறிந்தோரும் உளர். அவரைக் கலைப்பகைவர் என்பது அறியாமை. அவர் எறிந்தது தம் கழுத்து நுகத்தை.

தொல்காப்பியம் பறையைக் கருப்பொருளுள் வைத்தது என முழங்குவோர் முதற்கண் தம் பிள்ளைகள் கையில் அடிக்குச்சியையும் சுண்டுக்குச்சியையும் கொடுக்கட்டும். தோலைத் தீயிற் காய்ச்சும் முறையையும் அவர்கள் கற்கட்டும். ஊர்த் திருவிழாவில் நாகசுரக்காரர் அமரும் பந்தியிலேயே பறையடிப்போரும் அமர்தல் வேண்டும். இருவர்க்கும் கூலியும் ஒன்றாதல் வேண்டும்.