கம்பத்துக்காரன் எந்த டீம்?

கம்பம் பள்ளத்தாக்கில் காலைப் பேப்பர் வந்ததும் முதலில் பார்க்கிற ஸ்கோர் கிரிக்கெட் ஸ்கோர் இல்லை, சார். அணை ஸ்கோர்! பெரியாறு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு... அதைப் பார்த்த பிறகுதான் டீ தொண்டையில் இறங்கும். 136, 142, 152 என்ற மூன்று நம்பர்களையும் எங்கள் ஊர்ப் பொடிசுகள்கூட வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கும். (152 அடி என்பது அணையின் முழு அளவு. 1979-ல் அதை 136-ஆகக் குறைத்தார்கள். 142 வரை தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2006-ல் சொன்னது, 2014-ல் மறுபடியும் சொன்னது.)

அணை இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில். இங்கே முக்கால்வாசிப் பேர் அதை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அங்கே தண்ணீர் நின்றால்தான் இங்கே 14,707 ஏக்கரில் நாற்று நட முடியும். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற ஒன்றுக்காக, நம்மால் சுண்டுவிரல் அளவுகூட மாற்ற முடியாத ஒன்றுக்காக, தினம் தினம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எங்களுக்குப் பரம்பரைப் பழக்கம். ஆகவே, வெளிநாட்டு ஃபுட்பால் கிளப்புக்கு ரசிகனாக இருக்க இந்தியாவிலேயே லாயக்கான ஆள் எங்கள் பக்கத்து ஆள்தான் என்பது என் கட்சி.

சிக்கல் ஒன்றுதான். எந்த கிளப்?

தேனியில் எங்கள் ஆபீஸ் இளவட்டங்களைக் கேட்டால் ரொம்ப சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். "போன வருஷம் யாருண்ணே கப் அடிச்சது? அவிங்கதாண்ணே நம்ம டீம்!" இது ஆளுங்கட்சியில் சேருகிற மாதிரி. வசதியாகத்தான் இருக்கும். கரைவேட்டியை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டும். 2015-16 சீசன் ஆரம்பத்தில் லெஸ்டர் சிட்டி சாம்பியன் ஆகும் என்று ஒரு ரூபாய் கட்டினால் ஐயாயிரம் தருகிறேன் என்றார்கள் இங்கிலாந்து பந்தயக்காரர்கள். லெஸ்டர் ஜெயித்தே விட்டது. உடனே எங்கள் ஆபீஸில் மூன்று லெஸ்டர் ரசிகர்கள் முளைத்தார்கள். 2023-ல் அதே லெஸ்டர் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. துக்கம் விசாரிக்கலாம் என்று போனேன். மூன்று பேரும் மான்செஸ்டர் சிட்டியில் இருந்தார்கள்.

பக்கத்து சீட்டுக்காரர் அந்த ஜாதி இல்லை. தொண்ணூறுகளில் லிவர்பூலுக்குத் தாலி கட்டியவர். 2005 மே மாதம் இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கோப்பை ஃபைனல். நமக்கு ராத்திரி பன்னிரண்டே காலுக்கு ஆரம்பம். இடைவேளையில் ஏ.சி. மிலான் 3, லிவர்பூல் 0. மனிதர் டி.வி.யை அணைத்துவிட்டு, சாப்பிடாமல் கொள்ளாமல் படுத்துவிட்டார். காலைப் பேப்பரிலும் செய்தி இல்லை. (அவர்கள் அச்சுக்குப் போகும்போது மேட்ச் முடிந்திருக்காது.) துக்கவீட்டு முகத்தோடு பஸ் ஏறி ஆபீஸ் வந்தால், வாட்ச்மேன் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்! ஆறே நிமிஷத்தில் மூன்று கோல், பிறகு பெனால்டியில் வெற்றி. அதைக் கேட்டு அவர் சந்தோஷப்படவில்லை. "நான் தூங்கிட்டேன்யா... நான் தூங்கிட்டேன்யா..." என்று மத்தியானம் வரை புலம்பல். அதற்கப்புறம் இன்றுவரை எந்த மேட்சிலும் கடைசி விசிலுக்கு முன்னால் அவர் கண்ணை மூடியதில்லை.

லிவர்பூல் லீக் பட்டம் ஜெயித்தது 1990-ல். அடுத்தது 2020-ல். நடுவில் முப்பது வருஷம். அதுவும் கொரோனா காலத்தில், காலி மைதானங்களில் மேட்ச் நடந்துகொண்டிருந்தபோது, லிவர்பூல் ஆடாத ஒரு ராத்திரியில் மான்செஸ்டர் சிட்டி தோற்றதால் பட்டம் உறுதியானது. ராத்திரி இரண்டே முக்காலுக்கு எனக்கு போன். "ஜெயிச்சுட்டோம்யா!" அவ்வளவுதான், அப்புறம் பேச்சு வரவில்லை. ஸ்வீட் கொடுக்கலாம் என்றால் யார் வீட்டுக்கும் போக முடியாத காலம். தனியாக உட்கார்ந்து கால் கிலோ மைசூர்பாகை அவரே சாப்பிட்டாராம். சுகர் பேஷண்ட்!

பெரியாறு அணைக்கு 1886-ல் போட்ட ஒப்பந்தம் 999 வருஷக் குத்தகை. கிளப் ஆதரவும் அந்த மாதிரிக் குத்தகைதான் என்று நினைக்கிறவர் அவர். நடுவில் ரத்து கிடையாது.

இந்தக் குத்தகைக்கு வாடகை, தூக்கம். ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் லண்டனில் ராத்திரி எட்டு மணிக்கு என்றால், நமக்கு வெயில் காலத்தில் பன்னிரண்டரை, குளிர் காலத்தில் ஒன்றரை. (அவர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தைத் திருகுகிறார்கள். நம் தூக்கத்தைத்தான் திருகுகிறார்கள்.) சனிக்கிழமை ஆட்டங்கள் தேவலை. அங்கே பிற்பகல் மூன்று என்றால் இங்கே ஏழரை அல்லது எட்டரை. இதில் ஒரு விசேஷம் உண்டு. அந்த மூன்று மணி ஆட்டங்களை இங்கிலாந்துக்குள் டி.வி.யில் நேரடியாகக் காட்டக் கூடாது என்று பல வருஷமாகத் தடை. டி.வி.யில் வந்தால் ஜனங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், சின்ன கிளப்புகளின் மைதானம் காலியாகிவிடும் என்று பயம். ஆக, மைதானத்துக்குப் பக்கத்துத் தெருக்காரன் டிக்கெட் கிடைக்காமல் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டிருக்க, சின்னமனூர்க்காரன் தோசையைப் பிய்த்தபடி அதே ஆட்டத்தைப் பார்க்கலாம்!

ஒன்றரை மணி ஆட்டங்களுக்குத்தான் வீட்டில் விசாரணைக் கமிஷன். ஒருநாள் நடு ராத்திரி எழுந்து வந்து வீட்டம்மா கேட்ட கேள்வி: "ஏங்க, அவிங்களுக்கு உங்களைத் தெரியுமா?" பெரியாறு அணைக்கு மட்டும் உன்னைத் தெரியுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. நேரம் கருதி விழுங்கிவிட்டேன்.

சரி, சீமை எதற்கு, உள்ளூரிலேயே கிளப் இல்லையா என்பீர்கள். 2014-ல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்தபோது நாங்களும் சந்தோஷமாக மேப்பைப் பிரித்தோம். கம்பத்திலிருந்து குமுளி 25 கிலோமீட்டருக்குள். அங்கிருந்து கொச்சி சுமார் 150. சென்னையோ 500-க்கு மேல். ஸ்கேல் வைத்து அளந்தால் எங்கள் டீம் கேரளா பிளாஸ்டர்ஸ். ரேஷன் கார்டை வைத்துப் பார்த்தால் சென்னையின் எஃப்.சி.!

கலர் குழப்பம் வேறு. மஞ்சள் தோனி, நீலச் சட்டை சென்னை ஃபுட்பால் டீமில் பங்குதாரர். நீல மும்பையின் சச்சின், மஞ்சள் சட்டை கேரளா டீமில் பங்குதாரர் (2018-ல் விலகிக்கொண்டார்). கிரிக்கெட்டுக்காக வாங்கின மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு சென்னை டீமை ஆதரிக்கக் கிளம்பினால், போகிற இடத்தில் எதிரி முகாமில் உட்கார வைத்துவிடுவார்கள்.

நான் உட்கார்ந்திருக்கிறேன். பீரோவில் நீலச் சட்டை எதுவும் கிடைக்கவில்லை. ஏலக்காய் வியாபார நண்பர் ஒருவர் காரில் இடம் இருக்கிறது என்றார். கிளம்பிவிட்டோம். கொச்சி ஸ்டேடியத்தில் பார்த்த பக்கமெல்லாம் மஞ்சள். காது கிழிகிற சத்தம். நடுவில் நான், உடம்பில் மஞ்சள், உள்ளே நீலம். சென்னை கோல் அடித்தபோது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஷூ லேஸைக் கட்டினேன். (செருப்புதான் போட்டிருந்தேன்.) பக்கத்து இளைஞர் கவனித்துவிட்டார். "சேட்டா, எவிடெயா வீடு?" சொன்னேன். "கம்பமா!"

அடுத்து அணைப் பேச்சு வரும் என்று அடிவயிறு கலங்கியது. 2011 டிசம்பரில் இந்த அணைப் பிரச்னையில் குமுளி ரோட்டில் பஸ் ஓடாமல் கிடந்ததை நேரில் பார்த்தவன் நான். அணை தாங்குமா என்று அவர்களுக்கு பயம், தண்ணீர் வராதா என்று நமக்கு பயம். இரண்டு பயமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, நடுவில் கடலைப் பொட்டலம். ஆனால் அந்தப் பையன் கேட்டது: "திராட்சை சீசன் எப்படி, சேட்டா?" பன்னீர் திராட்சை அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் இஷ்டமாம். மேட்ச் முடியும் வரை தக்காளி விலை, வாழைத்தார் விலை என்று பேசிக்கொண்டே பார்த்தோம். இதில் ஒரு வேடிக்கை. அணை கட்டித் திருப்பாமல் விட்டிருந்தால் எங்கள் தண்ணீர் ஆலுவா வழியாக அந்தப் பையன் ஊர்ப் பக்கம்தான் போய்க் கடலில் விழுந்திருக்கும். இப்போது அது இந்தப் பக்கம் திரும்பி, காய்கறியாகி, லாரி ஏறி மறுபடி குமுளி வழியாக அங்கேயே போகிறது.

பட்டக் கணக்கில் நம் கை ஓங்கியிருக்கிறது. சென்னை 2015-லும் 2017-18-லும் சாம்பியன். கேரளா 2014, 2016, 2022 என்று மூன்று ஃபைனல் போய் மூன்றிலும் தோல்வி, அதில் இரண்டு பெனால்டியில். அப்படியும் அந்த ஸ்டேடியம் மஞ்சளாகவே இருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இருந்தாலும் நான் சென்னைதான். 500 கிலோமீட்டர் தள்ளி நின்று ஆதரிப்பது நமக்கென்ன புதுசா?

சீமையில் ஒரு டீம் வேண்டுமென்றால் இந்திய சம்பந்தம் உள்ளதாகப் பார்க்கலாமே என்று ஒரு தம்பி பிளாக்பர்னைச் சிபாரிசு செய்தான். 1994-95-ல் இங்கிலாந்து சாம்பியனான கிளப். 2010-ல் அதை வாங்கியது நம் புனே கோழிக் கம்பெனி வெங்கீஸ். 2012-ல் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. கோபம் வந்த ரசிகர் ஒருவர் கிளப் கொடியைப் போர்த்தி நிஜக் கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டார்! நாமக்கல்காரர்கள் யோசிக்கட்டும். நமக்கு வேண்டாம்.

எனக்குக் கிடைத்த சம்பந்தம் வேறு. பென்னிகுயிக். 1895-ல் அணையைக் கட்டி முடித்த இங்கிலீஷ் இன்ஜினீயர். எங்கள் பக்கம் பையன்களுக்கு அவர் பெயர் வைப்பார்கள். தேனி பஸ் ஸ்டாண்டு அவர் பெயரில். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம். பிறந்த நாள் ஜனவரி 15, பொங்கலை ஒட்டி வரும், அதனால் அவருக்கும் ஒரு பானை பொங்கும். அவர் 1911-ல் காலமானது இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற ஊரில். 2022 செப்டம்பரில் தமிழக அரசு சார்பில் அங்கே அவருக்குச் சிலை திறந்தார்கள். அந்த ஊரில் ஃபுட்பால் கிளப் இருக்குமோ என்று தேடினேன். இருக்கிறது! கேம்பர்லி டவுன். பெரிய லீக்குகளுக்கெல்லாம் பல படி கீழே ஆடுகிற குட்டி கிளப். தீர்ந்தது. இனி நமக்கு அதுதான்.

ஆபீஸில் அறிவித்தேன். லெஸ்டரிலிருந்து சிட்டிக்குத் தாவினவர்களில் ஒரு தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"அது எந்த சேனல்ல வரும்ணே?"

"எதுலயும் வராது தம்பி."

"அப்புறம் எப்பிடிண்ணே பாப்பீங்க?"

"பெரியாறு டேமை நீ எப்பிடிப் பாக்குற?"

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஜெயிப்பாய்ங்களாண்ணே?"

சனிக்கிழமை ராத்திரி தெரியும் என்றேன்.