கவுண்டருக்கு இந்தப் பக்கம்

நம்ம கூட்டங்களில் பின்வரிசையில் ஒருத்தர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். டீ வந்தால் அவருக்கும் ஒரு கிளாஸ் போகும். உளவு என்றதும் அவரைத்தான் நினைக்கிறோம். தோழர்களே, அவர் ஒரு பொருட்டே இல்லை என்கிறேன்.

1972ல் பம்பாயில் தலித் பேந்தர் பிறந்தபோது பெயர் வந்தது அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து. அவர்களில் ஃபிரெட் ஹாம்ப்டனை 1969 டிசம்பர் 4 விடியற்காலையில் சிகாகோ போலீஸ் சுட்டுக் கொன்றது. வயசு 21. அவர் படுக்கை எங்கே கிடக்கிறது என்று வீட்டுக்குப் படம் போட்டுக் கொடுத்தவன், கூடவே இருந்த வில்லியம் ஓ'நீல். எஃப்.பி.ஐ.யிடம் காசு வாங்கியவன். துரோகி என்று காறித் துப்பிவிட்டு நகர்ந்துவிடலாம். சுலபம்.

1971 மார்ச் 8 இரவு, முகமது அலியின் குத்துச்சண்டையில் ஊரே மூழ்கியிருக்க, பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் எஃப்.பி.ஐ. கிளை அலுவலகத்துக்குள் புகுந்து கோப்புகளை அள்ளிக்கொண்டு போனார்கள் எட்டுப் பேர். (கடைசிவரை பிடிபடவில்லை. சபாஷ்!) கல்லூரிகளின் கருப்பு மாணவர் சங்கங்கள்கூட அந்தக் கோப்புகளில் இருந்தன. ஒரு பேராசிரியரைப் பற்றித் தகவல் தந்தவர்களில் கல்லூரி டெலிபோன் ஆபரேட்டரும் உண்டு. கருப்பர் அமைப்பு ஒன்றின் காசோலை விவரங்கள் வங்கியிலிருந்தே போயிருக்கின்றன. கொடுத்தவர் உளவாளி இல்லை. கேட்டார்கள், கொடுத்தார்.

நானும் வங்கிக் குமாஸ்தா.

இங்கே 2002ஆம் வருசச் சட்டப்படி சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை டில்லிக்குப் போகும். கணக்குக்காரரிடம் மூச்சு விடக்கூடாது. கோடிகளைப் பதுக்குறவனுக்கான சட்டம்னு சொல்றாங்க. இருக்கட்டும். முன்னே உண்டியல் குலுக்கினோம், யார் போட்டது என்று உண்டியலுக்குத் தெரியாது. இப்போது செல்போனில் அனுப்பும் ஐம்பது ரூபாயும் பேரோடு, நேரத்தோடு என் திரையில் நிற்கிறது.

போன வருசம் ஏப்ரல் 14க்குச் சில நாள் முன்னால் சாதாரண உடுப்பில் ஒருத்தர் வந்தார். ஒரு படிப்பு வட்டத்தின் கணக்கில் யார் யார் பணம் போட்டாங்கன்னு வேணும். கையில் ஒரு கடுதாசியும் இல்லை. மேலாளர் கண்ணைக் காட்டினார். ‘எழுதிக் கொடுங்க சார்’ என்று கேட்டிருக்கணும். கேட்கவில்லை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

பட்டியலில் ஏழாவது பேர் நம்ம தெருப் பையன். கல்லூரியில் இரண்டாம் வருசம். போட்டது ஐம்பது ரூபாய். தினமும் ‘அண்ணே’ என்று கூப்பிட்டுவிட்டுப் போகிறான். இன்னும் அவனிடம் சொல்லவில்லை. இந்த இதழ் அவனுக்கும் வரும்.