ஒரே குதிரை மேல எல்லாக் காசுமா?

மஞ்சள் சட்டைக்காரர்கள் கோபப்பட வேண்டாம், நானும் மஞ்சள்தான். அதனால்தான் இந்தப் புலம்பல்.

2025 டிசம்பர் ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டு பையன்களை ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து வாங்கியது. பிரசாந்த் வீருக்கு 20 வயது, கார்த்திக் சர்மாவுக்கு 19. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். இந்தியாவுக்காக இருவரும் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. அணியின் மொத்த வரம்பான 125 கோடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்த இருவருக்கே போய்விட்டது.

"எதிர்காலத்துக்கான முதலீடுடா" என்கிறான் வகுப்புத் தோழன். இதே வசனத்தை அமெரிக்காவில் ஏற்கெனவே பேசிவிட்டார்கள். அங்கே அமெரிக்கன் ஃபுட்பாலில் ஏலம் இல்லை, டிராஃப்ட். கல்லூரிப் பையன்களை அணிகள் முறை வைத்து எடுக்கும். அந்த முறையையே பண்டமாற்றும் செய்யலாம். 2012-ல் வாஷிங்டன் அணி மூன்று முதல் சுற்று வாய்ப்புகளையும் ஒரு இரண்டாம் சுற்று வாய்ப்பையும் கொடுத்து, ராபர்ட் கிரிஃபின் என்ற இளம் குவாட்டர்பேக்கை எடுத்தது. (குவாட்டர்பேக் என்றால் பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துபவர்.) முதல் வருஷம் பையன் பின்னிவிட்டான். 2013 ஜனவரியில் முழங்கால் போனது. பழைய ஆட்டம் திரும்பவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே டிராஃப்டில் நாலாவது சுற்றில் எடுத்த கிர்க் கசின்ஸ்தான் 2015-ல் அவர் இடத்துக்கு வந்தார்!

கிரிஃபினிடம் திறமை இல்லையா? நிறைய இருந்தது. பிரசாந்தும் கார்த்திக்கும் நாளைக்கே வெளுத்து வாங்கலாம், வாங்கட்டும். என் சண்டை பையன்களோடு இல்லை, கணக்கோடு. இளம் வீரன் என்பது ஊகம். ஊகத்தில் ஜெயிக்க ஒரே வழி, பத்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது.

இது சென்னைக்குத் தெரியாததும் இல்லை. 2025-ல் கடைசி இடத்துக்குப் போன அதே சீசனில், காயமடைந்த ருதுராஜுக்குப் பதிலாக 30 லட்சத்துக்கு வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தான். 14.20 கோடியில் அப்படி 47 பேரை எடுக்கலாம்!

"பத்து வருஷம் ஆடுவான்" என்பார்கள். ஆடுவான், யாருக்கு? 2018, 2022, 2024 என்று பெரிய ஏலம் வந்து அணிகளைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது. கிரிஃபினையாவது முதல் ஒப்பந்தத்தில் நாலைந்து வருஷம் கட்டி வைக்க முடிந்தது. இங்கே அந்த உத்தரவாதமும் கிடையாது.

புதுச்சேரி ரஞ்சியில் ஆடத் தொடங்கியதே 2018-19-ல்தான். எங்கள் நோணாங்குப்பத்தில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போடுகிற பையனுக்குத் தேவை 14 கோடி இல்லை. ஒரு நாள் ட்ரையல், தோல் பந்து, பார்க்க ஒரு ஆள். இருவர் மேல் 28.40 கோடி போடும் அணி, இப்படிப்பட்ட இருநூறு பேரைப் பார்த்துவிட்டுப் போடட்டும்.

திட்ட நினைப்பவர்கள் திட்டலாம். கணக்கோடு வந்து திட்டுங்கள் :-)