மௌனம் சம்மதமா? இத்தாலிய வாரிசுகளின் 3 மாதக் கெடு

அப்பா கண்ணை மூடியதுமே பிள்ளை வாரிசு ஆகிவிடுவார் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இத்தாலியில் அப்படி இல்லை. அங்கே 1942-ல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் தொகுப்பின்படி, ஒருவர் இறந்ததும் அவருடைய பிள்ளைகள் வாரிசுரிமைக்கு ‘அழைக்கப்பட்டவர்கள்’ மட்டுமே. அதை ஏற்றுக்கொண்டால்தான் வாரிசு. வேண்டாம் என்று மறுக்கவும் உரிமை உண்டு.

கிடைக்கிற சொத்தை யாராவது வேண்டாம் என்பார்களா? சொல்ல வேண்டிய நிலை வரும். ஏனென்றால், ஏற்றுக்கொண்டால் வீடு, நிலத்தோடு கடனும் சேர்ந்தே வரும். சொத்தைவிடக் கடன் அதிகம் என்றால், மீதியை வாரிசு தன் சொந்தக் காசிலிருந்து கட்ட வேண்டும். ‘வீட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், கடன் வேண்டாம்’ என்று பிரித்து ஏற்றால், அந்த ஏற்பே செல்லாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். பலேர்மோ நகரில் ரொட்டிக்கடை நடத்திய ஒருவர் இறந்துபோகிறார். அவருடைய வீட்டின் மதிப்பு 1,20,000 யூரோ. கடன் 2,00,000 யூரோ. மகன் அதே வீட்டில் அப்பாவோடு இருந்தவர். மகள் மிலானில் தனிக்குடித்தனம். துக்கத்தில் இருவரும் எதுவும் செய்யாமல் இருந்துவிடுகிறார்கள்.

மகளின் கையில் அப்பாவின் சொத்து எதுவும் இல்லை. எனவே, ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவருக்கு 10 ஆண்டுகள் இருக்கின்றன. கடன் கொடுத்தவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால், நீதிமன்றத்தில் மனு கொடுத்து அவருக்குக் கெடு வைக்கச் சொல்லலாம். அந்தக் கெடுவுக்குள்ளும் அவர் வாய் திறக்கவில்லை என்றால், ஏற்கும் உரிமை போய்விடும். கடனும் அவரைத் தொடாது.

மகன் கதை நேர்மாறு. அப்பாவின் வீடு அவர் வசம் இருக்கிறது. அதனால், தான் அழைக்கப்பட்டது தெரிந்த 3 மாதங்களுக்குள், சொத்து என்ன, கடன் என்ன என்று முறைப்படி பட்டியல் எடுத்து முடிக்க வேண்டும். நீதிமன்றத்தில் கேட்டால் கூடுதல் அவகாசம் கிடைக்கலாம். பட்டியலே எடுக்காமல் கெடு முடிந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் முழு வாரிசு. தங்கை விலகிவிட்டால், வீடு போக மிச்சமுள்ள 80,000 யூரோவும் அவர் தலையில்தான். ஒரே மௌனம், தங்கைக்கு மறுப்பு, அண்ணனுக்குச் சம்மதம்.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. ‘பட்டியல் பாதுகாப்போடு ஏற்கிறேன்’ என்று நோட்டரியிடமோ நீதிமன்ற எழுத்தரிடமோ அறிவிக்கலாம். இத்தாலியில் வீடு, வாரிசுரிமை விவகாரங்களுக்கெல்லாம் நோட்டரிதான் முக்கியமான ஆள். இப்படி ஏற்றால் அப்பாவின் சொத்தும் மகனின் சொத்தும் தனித்தனிக் கணக்கு. கடன்காரர்கள் 1,20,000 யூரோ வரைதான் கேட்க முடியும். வசத்தில் சொத்து இருப்பவர் பட்டியல் எடுத்து முடித்த பிறகு, ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல 40 நாள் உண்டு. பட்டியலில் எதையாவது வேண்டுமென்றே மறைத்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

வாயால் சொல்லாவிட்டாலும், செய்கிற காரியமே ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடலாம். அப்பாவின் காரை விற்பது, வாரிசு மட்டுமே செய்யக்கூடிய காரியம். விற்றால் ஏற்றதாக அர்த்தம். வீட்டின் சொத்துப் பதிவேட்டில் பெயர் மாற்றுவதையும் நீதிமன்றங்கள் அப்படித்தான் பார்க்கின்றன. ஆனால், இறுதிச் சடங்குக்குச் செலவு செய்தால் ஏற்றதாக ஆகாது. 12 மாதங்களுக்குள் வரித்துறைக்குத் தர வேண்டிய வாரிசுரிமை அறிக்கையும் வரிக் கணக்குக்குத்தான். அதைக் கொடுத்ததால் மட்டும் ஒருவர் வாரிசு ஆகிவிடுவதில்லை.

மறுப்பதிலும் கவனம் தேவை. வீட்டில் பேசி முடித்துக்கொண்டால் போதாது. அதையும் நோட்டரியிடமோ நீதிமன்ற எழுத்தரிடமோதான் அறிவிக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு விலகினால், அது மறுப்பு அல்ல, ஏற்பு! முறையாக மறுத்த பிறகும் கதை முடிவதில்லை. மறுத்தவரின் பிள்ளைகள் அவருடைய இடத்துக்கு அழைக்கப்படுவார்கள். அவர்கள் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால், ஏற்கவோ மறுக்கவோ முறையான அனுமதி வேண்டும். ஏற்பதும் பட்டியல் பாதுகாப்போடு மட்டுமே.

இது இத்தாலியர்களுக்கு மட்டுமான விஷயம் அல்ல. 2015 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, இறந்தவர் கடைசியாக வழக்கமாக வசித்த நாட்டின் சட்டமே பொதுவாகப் பொருந்தும். பலேர்மோவில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பது அல்ல கேள்வி. தன் குடியுரிமை நாட்டின் சட்டமே வேண்டும் என்று விரும்புகிறவர், அதை உயிலில் தெளிவாக எழுதிவைக்கலாம்.

எழுதிவைக்காதவரின் வீட்டில் குடியிருக்கும் பிள்ளை, காரியம் முடிந்த கையோடு நோட்டரியைப் பார்ப்பது நல்லது. அதுவரை காரையும் விற்க வேண்டாம், வீட்டின் பெயரையும் மாற்ற வேண்டாம்.