குட்டி மனிதன்தான் வில்லனா?

ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் கதையைச் சின்ன வயசில் நிறைய பேர் கேட்டிருப்பீங்க. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சிட்ட கதை. 1857 வரைக்கும் திருத்தித் திருத்தி வெளியிட்டார்கள். நான் பேசப்போவது அந்தக் கடைசிப் பதிப்பைப் பற்றி.

மறந்துபோனவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு ஏழை மாவு மில்காரர் ராஜாவிடம் பந்தா காட்ட, "என் மகள் வைக்கோலைத் தங்கமாக நூற்பாள்" என்று அளந்துவிடுகிறார். ராஜா அந்தப் பெண்ணை வைக்கோல் அறையில் பூட்டி, விடிவதற்குள் நூற்காவிட்டால் சாவு என்கிறார். குட்டி மனிதன் ஒருவன் வந்து நூற்றுத் தருகிறான். முதல் ராத்திரிக்குக் கூலி கழுத்து நகை. இரண்டாவதற்கு மோதிரம். மூன்றாவதற்கு அவளிடம் ஒன்றுமில்லை, அதனால் பிறக்கப்போகும் முதல் குழந்தை. அப்புறம் அவள் ராணி ஆகிறாள், குழந்தை பிறக்கிறது, அவன் வந்து கேட்கிறான். அவள் அழவே, மூன்று நாளில் என் பெயரைச் சொன்னால் குழந்தை உனக்கே என்கிறான். தூதன் ஒருவன் காட்டில் கேட்டுவந்த பெயரை அவள் சொல்லிவிட, அவன் கோபத்தில் தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொள்கிறான். சுபம்!

கட்டமைப்பு ரொம்ப சுத்தம். முன்பாதியில் மூன்று ராத்திரி, பின்பாதியில் மூன்று நாள். ரஷ்ய ஆய்வாளர் விளாதிமீர் பிராப் 1928-ல் மாயக் கதைகளின் பாத்திரங்களை ஏழு வகையாகப் பிரித்தார். ஒரே ஆள் இரண்டு வேலை பார்க்கலாம் என்பதும் அவர் சொன்னதுதான். அதன்படி குட்டி மனிதன் முன்பாதியில் உதவியாளன், பின்பாதியில் வில்லன். நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்தும் ஆர்னே-தாம்சன்-உத்தர் பட்டியலில் இது 500-ஆம் எண். அங்கேகூட அவனுக்கு உதவியாளன் என்றுதான் பெயர்.

என் சந்தேகம் இதுதான். கொலை மிரட்டல் விட்டது யார்? ராஜா. பொய் சொல்லி மகளை மாட்டிவிட்டது யார்? அப்பா. இரண்டு பேருக்கும் கதையில் ஒரு தண்டனையும் இல்லை. அப்பா பாதியிலேயே காணாமல் போகிறார். ராஜா மாப்பிள்ளை ஆகிவிடுகிறார். அவள் அழுததைப் பார்த்து இரக்கப்பட்டவன் கதையிலேயே ஒருத்தன்தான், அவன்தான் இரண்டாகக் கிழிகிறான். 1812 பதிப்பில் அவன் கோபமாக ஓடிப்போவதோடு சரி. தண்டனையைப் பிறகுதான் ஏற்றியிருக்கிறார்கள்.

அப்போ குழந்தையைக் கொடுத்திருக்கணுமா என்று கேட்காதீங்க. நாங்கள் படிக்கிற 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, பொது நலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது. குழந்தையைக் கூலியாகக் கேட்டது தப்புதான். ஆனால் அந்தப் பேரத்துக்கு அவளைத் தள்ளிய ஆளைத் திருமணப் பரிசாகக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

என்னைக் கேட்டால் குற்றம் இந்தக் கதை வகையின் மேல். மாயக் கதை என்றால் கல்யாணத்தில் முடியணும், சிம்மாசனம் தப்பிக்கணும். அதற்குப் பழியைச் சுமக்க வெளியாள் ஒருத்தன் வேண்டும். காட்டில் தனியாக இருக்கிற, யாருக்கும் பேர் தெரியாத ஆள் அதற்கு வசதி.

இன்னொன்றும் கவனிச்சீங்களா? கதை முழுக்க ஒரு பெயரைச் சுற்றித்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை பெயரே இல்லை. முதலில் மில்காரர் மகள், அப்புறம் ராணி. அவள் பெயர் என்ன என்று யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.