பழுத்த இலையும் வைட்டமின் மாத்திரையும்

எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் 'ஆன்டி ஏஜிங்' டப்பா அடுக்கி வச்சிருக்காங்க. வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உடம்பும் ஆக்ஸிஜனால கெடுதாம், இதெல்லாம் துருவைத் தடுக்குமாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மரத்து இலை வேற கதை சொல்லுதே மக்களே!

இந்த மூணையும் இலை தானே தயாரிச்சுக்குது. வெயில் அதிகமாகும்போது பச்சையம் இருக்கிற இடத்தில் வீரியமான ஆக்ஸிஜன் உருவாகும். அது சவ்வுகளை அரிக்காமல் வைட்டமின் ஈ காக்கும். செலவான வைட்டமின் ஈயை மறுபடி தேற்றி விடுவது வைட்டமின் சி.

வைட்டமின் சி குறைவாக உள்ள அராபிடாப்சிஸ் செடிகளின் இலை சீக்கிரமே பழுக்குது என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். "பாத்தீங்களா!" என்பார் மாத்திரைக்காரர். கொஞ்சம் பொறுங்க. உப்பு இல்லாட்டி குழம்பு வீண்தான். அதுக்காக ஒரு படி உப்பைக் கொட்டினா ருசி கூடிடுமா?

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பல செடிகளில் இலை முதிர முதிர வைட்டமின் ஈ கூடத்தான் செய்யுது. சிதையும் பச்சையத்தின் வால் துண்டை எடுத்தே செடி அதைத் தயாரிக்க முடியும். இவ்வளவு இருந்தும் இலை உதிருது. ஏன்னா உதிர்வது விபத்து இல்லை, ஏற்பாடு. புரதத்தைப் பிரிச்சு, நைட்ரஜனைக் கிளைக்கு அனுப்பிட்டுத்தான் இலை கிளம்புது. பாதியில் கருகிப் போனால் அந்தச் சொத்து மரத்துக்கு நஷ்டம். ஆக, கடைசிக் காலத்தில் இந்த வைட்டமின்கள் செய்வது கணக்கை ஒழுங்காக முடிக்க உதவுவது. சாவைத் தள்ளிப் போடுவது அதன் வேலை இல்லை என்பது என் கட்சி.

சரி, மனுஷன் இலை இல்லையே என்பீர்கள். ஒத்துக்கறேன். மனுஷங்களிடமே சோதிச்சாச்சு. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் சுமார் 18 சதவீதம் அதிகம். 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்த ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். துரு தடுக்கும் மருந்து பண்ணின வேலை இது!

குறைபாடு இருக்குன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தால் தாராளமா சாப்பிடுங்க. இளமைக்காக என்றால், அந்தக் காசுக்கு நெல்லிக்காயும் கீரையும் வாங்குங்க. முதுமை வரும். இலைக்கே வருது, நமக்கு வராதா?