இரும்பின் வயதும் நமது அவசரமும்

அவிநாசித் தேருக்கு வந்திருந்த ஒரு பெரியவர் நம்மை வீதியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, “ஏனுங்க, உங்க விஞ்ஞானம் வருசத்துக்கு ஒண்ணு சொல்லுது. இரும்புக்கு முந்தி மூவாயிரம் வருசமின்னீங்க, அப்புறம் நாலாயிரமின்னீங்க, இப்ப அஞ்சாயிரத்துக்கு மேலேங்கறீங்க. எங்க முதலைவாய்ப் பிள்ளை கதை எந்தக் காலத்திலாச்சும் மாறியிருக்குதுங்களா?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கேட்டதில் பாதி நியாயமானது என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

அந்தக் கதை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. குளத்து முதலை விழுங்கிய ஒரு சிறுவனைச் சில வருஷங்கள் கழித்து வந்த சுந்தரர் பதிகம் பாடி, முதலை வாயிலிருந்து, இடையில் சென்ற வருஷங்களுக்குரிய வளர்ச்சியோடுகூட வரவழைத்தார் என்பது கதை. அது மாறவில்லை என்பது மெய்தான். ஆனால், எந்த ஆதாரம் கிடைத்தால் அக்கதை தப்பு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்டோம். “அதெப்படிங்க தப்பாகும்?” என்றார். அவ்வளவுதான் விஷயம். தப்பாவதற்கு வழியே வைக்கப்படாத ஒன்று மாறாமலிருப்பதில் என்ன பெருமை இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

நிற்க. இரும்பின் கதையைச் சற்று விவரமாகப் பார்ப்போம். 1945-ல் வீலர் என்ற ஆங்கிலேய அறிஞர் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டைத் தோண்டி, அங்கு கிடைத்த ரோமாபுரிப் பாண்டங்களைக்கொண்டு அந்த மண்ணடுக்குகளுக்கு ஒரு காலத்தைக் கண்டார். 1947-ல் கன்னட நாட்டுப் பிரம்மகிரியைத் தோண்டியபோது அதே அளவைத் துணையாகக் கொண்டு, இரும்புக் கருவிகளோடு பிணம் புதைத்த பெருங்கற்குழிக்காரர்களின் காலம் கி.மு. 200 சுமாருக்குத்தான் ஆரம்பிக்கிறது என்றார். அன்றைக்குக் கையிலிருந்த ஆதாரத்துக்கு அது சரியான முடிவே. வீலரை இன்று பரிகசிப்பவர்கள் அவர் தோண்டியதில் பத்திலொரு பங்காவது தோண்டியிருக்க மாட்டார்கள்.

பிறகு, 1965-ல் தோண்டப்பட்ட ஹள்ளூரில் கிடைத்த கரியைச் சோதித்ததில் தென்னாட்டு இரும்பு கி.மு. 1000 சுமாருக்குப் போயிற்று. ஐக்கிய மாகாணமாயிருந்து உத்தரப் பிரதேசமான பகுதியில் மல்ஹார் முதலிய இடங்களின் கணக்கு 2003-ல் அச்சாகி, இரும்பின் காலம் கி.மு. 1800 வரை சென்றது. 2022 மே மாதத்தில், கிருஷ்ணகிரி ஜில்லா மயிலாடும்பாறை இரும்புக்குக் கி.மு. 2172 என்று தமிழ்நாட்டுச் சட்டசபையில் அறிவித்தார்கள். 2025 ஜனவரி 23-ந் தேதி, தூத்துக்குடி ஜில்லா சிவகளையில் கி.மு. 3345 என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். பேராசிரியர் ராஜனும் சிவானந்தமும் எழுதிய அறிக்கையும் வெளிவந்தது. இரும்பை வடக்கேயிருந்து வந்தவர்கள்தான் நமக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டவர்களுக்கு இது எவ்வளவு மகிழ்ச்சியைத் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. நமக்கும் மகிழ்ச்சிதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காலத்தை அளக்கும் கோலே இடையில் திருத்தப்பட்டதாகும். மரமோ நெல்லோ உயிரோடிருக்கும் வரையில் காற்றிலிருந்து ஒருவகைக் கரியணுவை வாங்கிக்கொண்டிருக்கும். செத்த பிறகு அது கொஞ்சங்கொஞ்சமாய் அழிந்துகொண்டே வரும். மீதியைக் கண்டால் செத்த காலம் தெரியும். சிக்காகோவில் லிபி என்பவர் 1949-ல் இம்முறையை வெளியிட்டார். 1960-ல் அதற்கு நோபல் பரிசு பெற்றார். அந்தக் கரியணு பாதியாக 5,568 ஆண்டு ஆகுமென்று 1950-களில் கணக்கிட்டார்கள். 1962-ல் அதை 5,730 ஆண்டு என்று திருத்தினார்கள். அதோடு நின்றதா? காற்றிலுள்ள கரியணு எக்காலத்தும் ஒரே அளவு என்று லிபி நம்பியதும் தப்பென்று தெரிந்தது. யார் கண்டுபிடித்தார்கள்? அவருடைய எதிரிகளல்ல, அவருடைய முறையையே கையாண்டவர்கள். பழைய மரங்களின் வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொரு வளையத்தையும் சோதித்து, எந்த நூற்றாண்டுக்கு எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்று அட்டவணை செய்தார்கள். 2020-ல்கூடப் புதிய அட்டவணை வந்திருக்கின்றது. ஐயாயிரம் ஆண்டுக்கு முந்திய பொருள்களுக்கு இந்தத் திருத்தம் பல நூறு ஆண்டுகளைக் கூட்டிக் கொடுக்கிறது. ஆகவே, சிவகளையின் 3345 என்ற எண்ணை மார்தட்டிச் சொல்லுகிறவர்கள், விஞ்ஞானம் தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டதன் லாபத்தைத்தான் அனுபவிக்கிறார்கள். ‘விஞ்ஞானம் மாறிக்கொண்டே இருக்கிறது’ என்று குற்றம் சொல்லும் பெரியவரும் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

இனி நம்மவர்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கின்றது. சிலருக்குக் கோபம் வரலாம். சிவகளை அறிவிப்பு வந்தவுடன் சுவரெங்கும் எழுதினார்கள், மேடையெங்கும் பேசினார்கள். சந்தேகம் கேட்டவரைத் தமிழ்த் துரோகி என்றார்கள். கரித்துண்டு காட்டுவது அந்த மரவளையம் வளர்ந்த காலத்தையே அன்றி, அதன் பக்கத்தில் கிடந்த கத்தி அடிக்கப்பட்ட காலத்தை அல்ல என்று ஓர் ஆராய்ச்சியாளர் சொன்னால், அது துரோகமா? அதே சிவகளையில் ஒரு தாழிக்குள்ளிருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்றுதான் 2021-ல் கணக்கு வந்தது. ஒரே இடுகாட்டில் பல காலத்தவரின் பிணங்கள் இருக்கலாமாதலால், எந்தத் தாழி எந்தக் காலத்தது, எந்த இரும்பு எந்தக் கரியோடு சேர்ந்தது என்று கேட்பது யோக்கியமான கேள்வியே ஆகும். தோண்டினவர்கள் கரியை மட்டும் நம்பிவிடாமல் வேறு முறையிலும் சோதித்து, ஒன்றுக்கு மேற்பட்ட சோதனைச்சாலைகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கேள்வியைக் கண்டு பயமில்லை. பயமெல்லாம் சுவரில் எழுதினவர்களுக்குத்தான்.

நமது ஊருக்குக் கிழக்கே நொய்யற்கரைக் கொடுமணலையே எடுத்துக்கொள்ளலாம். 1985 முதல் பல தடவை தோண்டப்பட்டு, உருக்குச் செய்த உலைகளும், கல்மணி அறுத்த பட்டறைத் தடயங்களும், பெயர் கீறிய பானையோடுகளும் அங்கு கிடைத்திருக்கின்றன. அந்த ஓடுகளில் பெயரைக் கீறியவர்கள் பெரும்பாலும் அரசரோ புரோகிதரோ அல்ல, பண்டமும் பட்டறையும் உடைய ஜனங்கள் என்று நினைக்க இடமிருக்கிறது. நமக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தோன்றுகின்றது. அந்த ஊரின் வயதில் இருநூறு ஆண்டு கூடினாலும் குறைந்தாலும் அந்த உலைக்காரனுடைய கைத்திறன் குறைந்துவிடப் போவதில்லை. வயதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் வேலைக்காரனை மறந்துவிடுகிறார்கள்.

அன்றியும், பழமை ஒன்றே பெருமை என்றால், ‘எங்கள் வேதம் அநாதி’ என்று சொல்லுகிற கூட்டத்துக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் வேதத்துக்குச் சோதனையே கூடாதென்கிறார்கள்; நாம் நமக்குப் பிடித்த சோதனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமென்கிறோம். இது கொஞ்சம் மரியாதையான மூடநம்பிக்கை, அவ்வளவே.

பெரியவர் திருப்பி நம்மைக் கேட்டார்: “அப்ப நீங்க சொல்லுங்க, என்ன கிடைச்சா உங்க எண்ணு தப்புன்னு ஒத்துக்குவீங்க?” நல்ல கேள்வி. அதே மண்ணடுக்கில் இரும்போடு கூடிய பல தாழிகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரே பருவத்தில் விளைந்து அறுத்த நெல்லையோ வேறு தானியத்தையோ சோதித்து, அவையெல்லாம் ஆயிரம் ஆண்டு பின்னுக்கு வருமானால், 3345-ஐ விட்டுவிடுவோம் என்றோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “பார்க்கலாமுங்க” என்று சொல்லி வடம் பிடிக்கப் போய்விட்டார்.

நாமும் குற்றமற்றவர்களல்ல. சிவகளைச் செய்தியை வெளியிட்ட நமது இதழில் ‘இனி எவரும் மறுக்க முடியாது’ என்று தலைப்புப் போட்டிருந்தோம். செய்தியிலுள்ள எண் அறிக்கையில் கண்டபடியே சரியானது. தலைப்பு நம்முடைய ஆவேசம். அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்ளுகின்றோம். பின்னால் எண்ணும் திருத்தப்படுமானால், அது கூடினாலும் குறைந்தாலும், அதே முதற்பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுவோம்.